கொச்சிக்காய் இல்லாத கோழி

2025 ஜனவரி 16, வியாழன்

இன்றைக்கு விரல்கள் மடங்குகின்றன. மடங்குகிற நாளிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் கோழியை வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூட்டுவாதம் என்று பேர் வைத்து இரண்டு வருடமாகிறது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே என் மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறதாம். கிளினிக்கில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அஜித்தா மிஸ் போன மாதம் ஒரு பெரிய வேலி போட்டுவிட்டார். மிளகாய் என்று பேர்பட்ட எந்தக் கொச்சிக்காயும் கூடாது. தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு கூடாது. மிளகு, மல்லி விதை, சீரகம், கடுகு கூடாது. முட்டை, பால், பருப்பு, சோறு, கோதுமைப் பாண் எதுவும் கூடாது.

"கொஞ்ச மாசம் எல்லாத்தையும் நிப்பாட்டுவம் மிஸ். பிறகு ஒவ்வொண்டா திருப்பிச் சாப்பிட்டுப் பாப்பம், எது உங்களுக்கு ஒத்துக்கொள்ளல்ல எண்டு. எல்லாருக்கும் இது சரிவரும் எண்டு நான் சொல்லமாட்டன். டொக்டர் தந்த குளிசைய மட்டும் விட்டுடாதீங்க."

மிச்சம் என்ன? இஞ்சி, உள்ளிப்பூண்டு, மஞ்சள், கறுவாப்பட்டை, கிராம்பு, கறிவேப்பிலை, மல்லி இலை, புதினா, தேசிக்காய், கறுப்பாய்க் காய்ந்த கொறக்காப் புளி, தேங்காய். கோழி. இனிப்பான வத்தாளங்கிழங்கு. அவ்வளவுதான் என் உலகம்.

கெட்ட நாளில் கத்தி பிடிக்க ஏலாது, இஞ்சி சீவ ஏலாது. அந்த நாட்களில் இந்த வீட்டில் எனக்குச் சாப்பாடே இல்லை. எல்லாக் கறியிலும் கொச்சிக்காய். ஆகவே நல்ல நாளில் மசாலாக் கூட்டு அரைத்துக் கோழியில் பூசி, பையில் கட்டி, பிறீசரில் வைத்துவிடுவது. கெட்ட நாளில் ஒன்றை எடுத்துச் சட்டியில் கொட்டுவது.

மாமி கதவடியில் நின்று பார்த்தார். என் கணவர் முஆஸின் உம்மா. எத்தாளை ஊர் மணலில் கொச்சிக்காயும் சின்ன வெங்காயமும் போட்டே பிள்ளைகளை ஆளாக்கியவர்.

"கொச்சிக்காத் தோட்டத்து ஊட்டுக்கு மருமகளா வந்துட்டு, கொச்சிக்கா வாணாமாம்."

இஞ்சியின் மேல் காட்டினேன் கோபத்தை.

ஜனவரி 19, ஞாயிறு

எல்லாம் பிழையாய்ப் போய்விட்டது. தேங்காய்ப்பால் ஊற்றிக் கட்டிய பைகள் உறைந்து இளகியதும் பால் வேறு தண்ணீர் வேறாகப் பிரிந்து, பார்க்கவே அருவருப்பு. தேசிப்புளி பிழிந்து வைத்த கோழி பஞ்சு மாதிரி நைந்துபோயிற்று. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துச் சிரித்துச் செய்துகாட்டினாள். அவளுக்கு எல்லாம் சரியாக வருகிறது. அவளுடைய பிறீசர் எங்கள் அறையளவு. அவளுக்கும் இதே நோயாம், விரல் மடங்காதாம், ஆனால் நகத்தில் எவ்வளவு அழகாகப் பூச்சு!

திரும்பச் செய்தேன். பாலையும் புளியையும் சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். பையில் தேங்காயெண்ணெய் போதும். தேசிக்காயின் தோலை மட்டும் துருவிப் போட்டேன். பையைத் தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்றினால் சீக்கிரம் உறைகிறது, சீக்கிரம் இளகுகிறது. முதல் நாளே கீழ்த் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

மூன்று விதம் பிடிபட்டிருக்கிறது. மஞ்சள் பை: மஞ்சள், இஞ்சி, தேசிக்காய் மணக்கும் சேரைப்புல் தண்டு. பச்சைப் பை: மல்லி இலை, புதினா, உள்ளி, தேசித்தோல். கறுப்புப் பை: கொறக்காவை ஊறவைத்து அரைத்து, உள்ளி, கறுவா, கிராம்பு, கறிவேப்பிலை. கறுப்புதான் ருசி. அதைச் சாப்பிடும்போது நானும் மனிதரைப்போல் சாப்பிடுகிறேன் என்று ஒரு நினைப்பு வருகிறது.

ஜனவரி 30, வியாழன்

முஆஸ் சந்தையிலிருந்து முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொச்சிக்காய் வாங்க வந்த யாவாரி ஒருவன் எல்லார் முன்னாலும் கேட்டானாம்: "நீங்க மருந்தடிக்கிற கொச்சிக்காயத் திண்டுதானே ஒங்கட மிஸ்ஸிக்கு மூட்டு வருத்தம்?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம்.

யார் சொன்னது அப்படி? நான் சொன்னேனா? டொக்டர் சொன்னாரா? என் வருத்தம் சந்தையில் நிறுத்து விற்கிற சாமானா?

மாமி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நாடு முழுக்கக் கரண்ட் போனது. மின் நிலையத்துக்குள் குரங்கு ஒன்று பாய்ந்ததாம்! மந்திரியே சொல்கிறார். என் பிறீசரில் இரண்டு வாரச் சாப்பாடு. யாரையும் கதவைத் திறக்க விடாமல் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முஆஸ் சிரித்தார். சிரிக்கட்டும். கரண்ட் வந்ததும் பார்த்தேன், பைகள் கல்லாகவே இருந்தன. தட்டையாக அடுக்கியதன் நன்மை.

குரங்கு மீது கோபம். சிரித்த மனிதர் மீது அதைவிடக் கோபம்.

பெப்ரவரி 20, வியாழன்

கரும்பலகையில் முழுப் பாடமும் நானே எழுதினேன். பதினோராம் வகுப்பு ஓலெவல் பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் அரசாங்கச் சோதனை. ஸுல்பிகா என்கிற பிள்ளைக்குக் கேத்திரகணிதம் தலைகீழ். இன்றைக்கு அவளுக்கு வட்டத் தேற்றம் விளங்கியது. விளங்கியதும் அவள் முகம் போன போக்கு! வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானை நானே கழற்றினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு.

அல்ஹம்துலில்லாஹ். சாப்பாடுதான் செய்கிறதா, புதுக் குளிசை செய்கிறதா தெரியாது. எது செய்தாலும் சரி.

மார்ச் 4, செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. டொக்டர் என்னை நோன்பு பிடிக்க வேண்டாம் என்றுவிட்டார். வீடு முழுக்கக் கஞ்சி மணம். நான் மூலையில் கிழங்கு அவித்துக்கொண்டு. காலையில் வலது கை கொஞ்சம் இறுக்கம்.

மார்ச் 8, சனி

இரண்டு கையும்.

மார்ச் 11, செவ்வாய்

பேனை பிடிக்க ஏலல்ல. என்ன பிழை செய்தேன்? எதைச் சாப்பிட்டேன்? ஒன்றும் மாறவில்லையே!

மார்ச் 18, செவ்வாய்

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிண்டியதுபோல். சோதனை தொடங்கிவிட்டது. அதற்கு முந்திய கடைசி வாரம் முழுக்க என் பிள்ளைகளை வேறு வகுப்போடு சேர்த்துவிட்டார் அதிபர். "நீங்க ரெஸ்ட் எடுங்க மிஸ்" என்றார். இரக்கமாகத்தான் சொன்னார். அந்த இரக்கத்தை அப்படியே அவர் மேசையில் தூக்கி அடிக்க வேண்டும்போல் இருந்தது.

மஞ்சளை நிறுத்திவிட்டேன். கறுவாவையும் நிறுத்தலாமோ? இனி எதை நிறுத்த? தண்ணீரையா? சட்டைகள் எல்லாம் தொளதொளவென்று தொங்குகின்றன.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். எல்லாருக்கும் பிரியாணி. கையில் மருதாணி போட முடியவில்லை, விரல் விரிந்தால்தானே. மாமி தானாகவே ஒரு கறுப்புப் பையை இளகவைத்துச் சமைத்து, என் பக்கத்தில் உட்கார்ந்து பீங்கானில் போட்டுத் தந்தார். "திண்ணு மக, எலும்பும் தோலுமா போயிட்டாய்." கண் கலங்கிவிட்டது எனக்கு. இந்த மனுசியை எவ்வளவு திட்டியிருக்கிறேன் இந்தப் பக்கங்களில். அல்லாஹ் அவருக்கு அருள் செய்யட்டும்.

நாக்கு மட்டும் லேசாக எரிந்தது. கிராம்பு கூடிவிட்டதோ?

ஏப்ரல் 12, சனி

கறுப்புப் பை ஒன்றை நேற்றே கீழ்த் தட்டில் வைத்திருந்தேன். இன்று சட்டியில் கொட்டினால், கோழிக்காலின் தோலில் ஒரு சின்ன விதை ஒட்டியிருக்கிறது. தட்டையாக, வெளிர் மஞ்சளாக. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன்.

கொச்சிக்காய் விதையை எனக்குத் தெரியாதா? பதினைந்து வருடம் இந்த முற்றத்தில் பாயில் காய்ந்ததைத் தாண்டித்தானே பள்ளிக்கூடம் போய்வருகிறேன்.

மற்றக் கறுப்புப் பைகளையும் வெளியே எடுத்து வைத்து, இளக இளகத் திறந்தேன். எல்லாவற்றிலும் இடித்த தூள். விதை, தோல், எல்லாம். மஞ்சள் பையில் இல்லை. பச்சைப் பையில் இல்லை. ஏனென்றால் அவற்றில் சிவப்புத் தெரிந்துவிடும்! கொறக்காவின் கறுப்பில் தெரியாது. நிறம் பார்த்து, யோசித்து, நான் கட்டி வைத்துவிட்டுப் படுக்கப் போன பிறகு, உறையுமுன் பையைத் திறந்து, போட்டு, பிசைந்து, திரும்பப் பூட்டி...

இது கவனக்குறைவு இல்ல. கை தவறி விழுந்தது இல்ல. ஆரோ இருந்து செஞ்ச வேல.

நான் மஞ்சளைச் சந்தேகப்பட்டேன். கறுவாவைச் சந்தேகப்பட்டேன். என்னையே சந்தேகப்பட்டேன். கறுப்புப் பையைத்தான் நம்பிக்கையென்று மேலும் மேலும் தின்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கேட்டேன். மாமி முற்றத்தில் கொச்சிக்காய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். முஆஸ் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமி, கறுப்புப் பைல என்ன போட்டீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"இடிச்ச தூள். விரல் நுனியளவு. அதுக்கென்ன?"

"ஏன் போட்டீங்க?"

"ஏனா? ஊரே சொல்லுது, எங்கட கொச்சிக்காயாலதான் ஒனக்கு வருத்தமெண்டு. சந்தைல எண்ட மகன்ட மூஞ்சில காறித் துப்பாத குறை. ஒனக்குத் தெரியாம திண்டு ஒண்டும் ஆகல்லண்டா, நாலு பேருக்குச் சொல்லலாமே. அதுக்குத்தான்."

"ஒண்டும் ஆகல்லயா?" என்று இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இதப் பாருங்க! ஒரு மாசமா இந்த வலது கையால பேனை பிடிக்கல்ல. புள்ளைகள்ட சோதனைக்கு நான் இல்ல. பாத்துக்கொண்டுதானே இரிந்தீங்க?"

"அது ஒண்ட வருத்தம். அது கொச்சிக்காயா?"

"எதா இரிந்தாலும் என்ட சாப்பாட்டுல கை வைக்க ஆர் நீங்க?"

அப்போதுதான் சொன்னார். "அகதியா வந்து எறங்கினவங்களுக்கு இந்த ஊர்தான் எடம் குடுத்த. எங்களுக்கு வாய் காட்டாத."

தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டி, மன்னாரிலிருந்து வள்ளத்தில் ஏற்றியபோது எனக்கு ஐந்து வயது. முப்பத்தைந்து வருடம் போய்விட்டது. பதினைந்து வருடம் இந்த வீட்டில் சமைத்திருக்கிறேன். இன்னும் நான் வந்து இறங்கியவள்.

முஆஸ் பக்கம் திரும்பினேன். ஏதாவது சொல்வார் என்று. அவர் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார், அதில் தண்ணீர் இல்லாமல் போன பிறகும்.

"உங்களுக்குத் தெரியுமா இது?"

"பெருநாளைக்கு முன்னுக்குத்தான் எனக்கும் தெரிய வந்த. உம்மாட மனசு... நீயும் ஒண்டும் சொல்லல்லதானே. சண்ட வேணாமெண்டு விட்டன்."

பெருநாளைக்கு முன். அப்படியானால் பெருநாளன்று மாமி பீங்கானில் போட்டுத் தந்தபோது இவர் எதிரில் இருந்தார். நான் கண் கலங்கியதைப் பார்த்தார். நான் தின்பதைப் பார்த்தார்.

இதுக்கு மேல எழுத ஏலல்ல.

ஏப்ரல் 14, திங்கள்

கறுப்புப் பைகளை எல்லாம் முற்றத்தில் கொட்டினேன். பூனைகள்கூட முகர்ந்துவிட்டுப் போயின. அல்லாஹ் தந்த உணவை வீணாக்கினேன், மன்னிக்கட்டும். மற்றப் பைகளைப் பெட்டியில் ஐஸோடு அடுக்கினேன். உடுப்பு, புத்தகம், குளிசை.

முஆஸ் வாசல் கேட்டடியில் நின்று, "எங்க போற?" என்றார்.

"எனக்குத் தெரியாம என்ட சாப்பாட்டுல எதுவும் போடாத எடத்துக்கு."

தடுக்கவில்லை. தடுத்திருந்தால் இன்னும் கத்தியிருப்பேன். தடுக்காததும் பிழை. அந்த மனிதர் அந்த நேரம் எதைச் செய்திருந்தாலும் எனக்குப் பிழைதான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கண்டக்குழிக் கடற்கரை. என்னோடு படிப்பிக்கும் றோசமேரியின் தம்பி இங்கே கடலில் காற்றாடி பிடித்துச் சறுக்க வரும் வெள்ளைக்காரருக்கு விடுதி நடத்துகிறார். அதன் பின்னறை எனக்கு. பெரிய பிறீசர் ஒன்று, அறுக்குளா மீனும் இறாலுமாக. றோசமேரி அதன் மேல் தட்டைத் துடைத்துத் தந்தாள். நான் கேட்கத் தயங்கியதை அவளே சொன்னாள்: "பண்டி இறைச்சி இதுக்குள்ள வைக்கிறதில்ல மிஸ். தம்பிக்கும் சொல்லிட்டன், மேல் தட்டத் தொட்டா கை இருக்காது எண்டு."

அழுதேன். பதினைந்து வருடத்தில் என் கணவர் சொல்லாத ஒரு வரி.

கரைத்தீவிலிருந்து ராத்தா போன் எடுத்தாள். என் அக்கா, என்னைத் தூக்கி வளர்த்தவள். "ஒரு சிட்டிகை கொச்சிக்காய்க்கு ஊட்ட விட்டு வெளிக்கிடுறதா? ஆக்கள் கேட்டா நான் என்னெண்டு சொல்ற?" என்றாள். "விஷம் வைக்கல்லயே" என்றும் சொன்னாள். போனை வைத்துவிட்டேன். ஏன் எல்லாருக்கும் அளவுதான் தெரிகிறது? விரல் நுனியளவு. ஒரு சிட்டிகை. யாருக்கும் கை தெரியவில்லையா?

மே 8, வியாழன்

கிளினிக். அஜித்தா மிஸ்ஸிடம் எல்லாம் சொன்னேன். பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"அவங்க செஞ்சது பெரிய பிழை மிஸ். ஆனா கொச்சிக்காயாலதான் கூடினதா எண்டு என்னால சொல்ல ஏலாது. இந்த வருத்தம் தானாவும் கூடும், குறையும். சோதனை வேலை, நித்திரையில்லாமை, எதுவும் இரிக்கலாம். கொஞ்சம் அடங்கட்டும், முறையா ஒவ்வொண்டா பாப்பம்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் மீதும் கோபம். எனக்குக் குற்றவாளி வேண்டும். பேர், முகம், காரணம் மூன்றும் ஒன்றாக வேண்டும். ஆனால் நான் கணக்குப் படிப்பிக்கிறவள். நிறுவாமல் விடை எழுதும் பிள்ளைக்கு நானே புள்ளி கொடுப்பதில்லை.

புதிதாகக் கறுப்புப் பை கட்டினேன். றோசமேரி ஒரு துண்டு தின்று பார்த்துவிட்டு, "இதுக்கு ஏன் மிஸ் கொச்சிக்காய்?" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

முஆஸ் வந்தார். நேற்றுப் பெருநாளில் குர்பான் கொடுத்த இறைச்சியோடு கேட்டடியில் நின்றார். இளைத்திருந்தார். கை இப்போது எப்படி என்று கேட்டார். மடங்குது என்றேன்.

"உம்மா பாவம், றிப்னா. வயசு போன மனுசி. தனிய இரிந்து கதைக்கிற இப்ப."

நான் என்ன, பாவமில்லையா? அந்த வாயில் 'நீ பாவம்' என்று ஒருமுறை வந்ததா?

"இறைச்சிய வெச்சிட்டுப் போங்க" என்றேன். கழுவி, மஞ்சளும் இஞ்சியும் பூசிப் பையில் கட்டினேன். இறைச்சி மீது எனக்கென்ன கோபம்.

ஜூலை 11, வெள்ளி

ஓலெவல் முடிவு வந்துவிட்டது. ஸுல்பிகா கணக்கில் பெயிலாகிவிட்டாள். மற்றப் பாடங்களெல்லாம் நல்லம். கணக்கு மட்டும்.

அந்தக் கடைசி வாரம். அந்த ஒரு வாரம் நான் நின்றிருந்தால்...

அவளுடைய உம்மாவோடு கதைத்தேன். பின்னேரங்களில் இங்கே வரட்டும், திரும்ப எழுதுவாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு மாதமாக ஒவ்வொன்றாகத் திருப்பிச் சாப்பிட்டு வருகிறேன், அஜித்தா மிஸ் சொன்ன ஒழுங்கில். மிளகு ஒன்றும் செய்யவில்லை. முட்டை வெள்ளைக்கருவுக்கு மறுநாளே மணிக்கட்டு வீங்கியது. திரும்பப் பார்த்தும் அப்படியே.

இந்தக் கிழமை கொச்சிக்காய். முதலில் ஒரு துளி. பிறகு கொஞ்சம். பிறகு தேங்காய்ச் சம்பலாகவே இடித்துக் கிழங்கோடு தின்றேன். கண்ணீர் வந்தது, மூக்கு ஒழுகியது, அவ்வளவு ருசி. பிறகு காத்திருந்தேன். ஒவ்வொரு காலையும் விரல்களை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டு.

ஒன்றும் இல்லை.

ஒன்றுமே இல்லை. கொச்சிக்காய் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

சந்தோஷப்பட வேண்டும். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்போல் இருக்கிறது. மாமி சொன்னதுதான் சரியா? "அது ஒண்ட வருத்தம், அது கொச்சிக்காயா?" அந்தக் குரல் காதுக்குள்ளேயே. இதை அவர் அறிந்தால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டுவார். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. றோசமேரிக்குக்கூட.

ஜூலை 24, வியாழன்

சொல்லிவிட்டேன். முஆஸுக்கு நானே போன் எடுத்தேன்.

"கொச்சிக்காய் சாப்பிட்டுப் பாத்தன். எனக்கு ஒண்டும் செய்யல்ல."

அவர் குரலில் ஒரு துள்ளல். "அல்ஹம்துலில்லாஹ்! அப்ப பிரச்சினை முடிஞ்சிதானே? நாளைக்கே வாறன், கூட்டிக்கொண்டு போக."

எனக்குக் கோபம் ஏறியது. பின்னறைச் சுவர் அதிரக் கத்தினேன் போலும், விடுதி நாய் குரைத்தது.

"நான் கொச்சிக்காய்க்காகவா ஊட்ட விட்டு வந்த? சொல்லுங்க! கொச்சிக்காயில்ல, அவங்க சீனியப் போட்டிரிந்தாலும் வந்திரிப்பன். நான் பாழாப்போய்க் கிடந்த நேரம், எனக்கெண்டு இரிந்த ஒரே சாப்பாட்டுக்குள்ள எனக்குத் தெரியாம கைய விட்டாங்க. நீங்க அதத் தெரிஞ்சிக்கொண்டு எனக்கு முன்னால இரிந்து பிரியாணி திண்டீங்க. அதுக்குத்தான் வந்த!"

"ஓம்" என்றார் முஆஸ். "நான் பேசாம இரிந்ததுக்குத்தான் நீ போன. எனக்கு அது அண்டைக்கே தெரியும். உம்மாவத் திட்டிப்போட்டு அந்த ஊட்டுக்குள்ள என்னெண்டு இரிக்கிற எண்டு பயந்திட்டன். நீ போயிட்டா என்னெண்டு இரிக்கிற எண்டு யோசிக்கல்ல."

போனை நான் வைக்கவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கோழியோடு வந்தார். வெட்டிக் கழுவி, அவரே. கேட்டுக்கு உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். "எனக்கும் பழக்கித் தா" என்றார். தரையில் உட்காரவைத்து இஞ்சி கொடுத்தேன். தோலோடு சேர்த்துப் பாதி இஞ்சியையும் சீவி எறிந்தார். கொறக்காவை ஊறவைக்காமலே அரைக்கப் பார்த்தார். பையில் காற்றை விட்டு, பலூன்போல ஊதவைத்துக் கட்டினார்.

"இப்படியா கட்டுற? ஒழுங்கா அமுக்குங்க!"

"ஏன் ஏசுற?"

"ஏசாம?"

ஏச இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் அமுக்கினார். பின்னேரம் ஸுல்பிகா கொப்பியோடு வந்தபோது, எழுந்து அவளுக்குக் கதிரையை இழுத்துப் போட்டார்.

எத்தாளைக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று சொன்னேன். மாமியைத் தள்ளிவைக்கவும் சொல்லமாட்டேன், அது அவருடைய உம்மா. நான் அங்கே சாப்பிடமாட்டேன், அவ்வளவுதான். யோசிக்கட்டும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சின்ன வீடு. அறை ஒன்று, சமைக்கக் குசினி ஒன்று. முஆஸ் காலையில் இங்கிருந்து தோட்டத்துக்குப் போய், மாமியைப் பார்த்துவிட்டு, பொழுதுபட வருகிறார். றோசமேரியின் பிறீசரிலிருந்து என் பைகளைக் கொண்டுவந்துவிட்டோம்.

இன்று வலது கை கொஞ்சம் இறுக்கம். ஆகவே நான் கதிரையில், அவர் தரையில். இஞ்சி சீவிக்கொண்டிருந்தபோது மாமியின் போன் வந்தது. கையில் இஞ்சி என்பதால் சத்தத்தைக் கூட்டிக் கீழே வைத்தார்.

தோட்டக் கதை, தண்ணீர்க் கதை எல்லாம் போனது. பிறகு: "றிப்னாட்டக் குடு மகன். நான் ரெண்டு வார்த்த பேசணும்."

முஆஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், இல்லை என்று. பழைய மாதிரி, "பேசேன், பாவம்தானே" என்று என் மடியில் போனை வைத்துவிடுவாரோ?

"அவ இப்ப பேசமாட்டா உம்மா" என்றார். "நீங்க செஞ்சது பிழை. அவக்குப் பேச மனசு வாற நேரம் பேசுவா. அது வரைக்கும் அவவக் கேக்காதீங்க, என்னோட பேசுங்க."

மறுபக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு தோட்டக் கதை திரும்பவும்.

நான் உள்ளியை எடுத்து உரிக்கத் தொடங்கினேன். தோல் மெதுவாகத்தான் வந்தது.